நீ தாண்டும்போது நான் பார்ப்பதில்லை

மகிழினி,

இதை உறையில் போட்டு ஒட்டி உனக்கு அனுப்பாமல் ஊரறியப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே. உன் காலில் எங்கே தழும்பு இருக்கிறது, காலையில் என்ன சாப்பிடுகிறாய், எந்தப் பக்கம் திரும்பித் தூங்குகிறாய் என்பதெல்லாம் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கும்போது, பெற்றவள் எழுதுவதை மட்டும் மூடி வைப்பானேன்? தவிர, கிள்ளானில் கறிகாய் வாங்கப் பாசாருக்குப் போனாலும் சரி, கோயிலுக்குப் போனாலும் சரி, எதிரே வருகிறவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "மக மறுபடியும் தாண்டப் போறாளாமே, நீங்க போய்ப் பாக்கலையா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதலில் உனக்கு.

நீ இங்கிலாந்திலிருந்து விமான டிக்கெட் அனுப்பியதிலிருந்து நம் வீடு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஹாலில் உன் அப்பா பயணப் பெட்டியைத் திறந்து வைத்து, ஒரு சட்டையை உள்ளே வைப்பதும் இரண்டை வெளியே எடுப்பதுமாக இருக்கிறார். கோடைக்காலம் என்று நீ படித்துப் படித்துச் சொல்லியும் கம்பளித் தொப்பியை விடமாட்டேன் என்கிறார். நான் அந்தப் பெட்டியைப் பார்க்காத மாதிரி சமையலறைக்கும் துணி காயப்போடும் இடத்துக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். அன்றைக்கு நீ போனில் கேட்டபோது "பாக்கலாம்" என்றேன். "உங்க 'பாக்கலாம்'னா வரமாட்டேன்னு அர்த்தம். எனக்குத் தெரியாதாம்மா? நடக்கவே புதுசா கத்துக்கிட்டு வந்திருக்கேன். இந்த தடவை சரியா வரலைன்னா நிறுத்திடுவேன். நிறுத்துறதுக்குள்ள ஒரு தடவையாவது நீங்க நேர்ல வந்து பாக்கணும்" என்றாய். குக்கர் கூவுகிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பில் குக்கரே இல்லை.

நம்மைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் இங்கே மலேசியாவில் அரசாங்க ஆஸ்பத்திரியில் மிஸியாக, நர்ஸாக வேலை பார்த்தவள். கல்யாணமான புதிதில் இங்கிலாந்தில் தாதியர் வேலை கிடைத்து லீட்ஸ் நகரத்துக்குப் போனேன். உன் அப்பா துறைமுக லோரி ஓட்டுவதை விட்டுவிட்டு என் பின்னால் வந்து, அங்கே ஒரு கிடங்கில் சாமான் தூக்கினார். நீ அங்கேதான் பிறந்தாய். உனக்குப் பள்ளி வயது வந்தபோது திரும்பி வந்துவிட்டோம். அந்த ஊர்க் குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அந்த ஊர்த் தனிமை எனக்கு. கிள்ளானில் தமிழ்ப்பள்ளியில் படித்தாய், இடைநிலைப்பள்ளி முடித்தாய், பல்கலைக்கழகத்துக்கு மறுபடியும் அங்கேயே போனாய். இரண்டு கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட், வைத்துக்கொள்ள முடியாது என்றபோது அந்த நாட்டுக் கடப்பிதழைத் தேர்ந்தெடுத்தாய், அந்த நாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு நீளம் தாண்டினாய். அதற்கு நம் சொந்தக்காரர்கள் பேசிய பேச்சைச் சேர்த்து வைத்தால் ஒரு லோரி ஏற்றலாம். காப்பாரில் இருக்கும் அத்தை ஒரு தீபாவளி முழுக்க என்னோடு பேசவில்லை. நீ பதக்கம் வாங்கியதும் அதே அத்தை வீட்டுக்கு வந்து, "நம்ம பிள்ள லா அது, எங்க இருந்தா என்னா" என்று முறுக்குப் பிழிந்து கொடுத்துவிட்டுப் போனார். இங்கே நீ ஜெயித்தால் கிள்ளான் பெண், தோற்றால் இங்கிலாந்து வீராங்கனை. அங்கே ஜெயித்தால் லீட்ஸ் பெண், தோற்றால் மலேசியாவில் வளர்ந்தவள். இதையெல்லாம் பார்த்துச் சிரிக்கப் பழகிக்கொள் என்று அப்போதே சொன்னேன். நீ பழகிவிட்டாய், எனக்குத்தான் இன்னும் வரவில்லை.

உன் பெயரை அவர்கள் படுத்தும் பாடு வேறு. ழகரம் அவர்கள் வாயில் நுழையாது என்பது சரி. அதற்காக 'மேகி'யா? இங்கே மேகி என்றால் முட்டை போட்டுப் பிரட்டித் தருகிற மீ நூடுல்ஸ். "மேகி இன்னிக்கு நல்லா வெந்துச்சா?" என்று நீ போட்டி முடித்து வரும்போதெல்லாம் உன் அப்பா போனில் கேட்பார், நீயும் விழுந்து விழுந்து சிரிப்பாய். சீரழிந்த பெயரோடு பிள்ளை ஊரெல்லாம் சுற்றுகிறாளே என்று எனக்கு வயிறு எரியும். ஆனால் ஒன்று சொல்லட்டுமா, உள்ளூர ஒரு நிம்மதியும் இருந்தது. ஆயிரம் பேர் கண் வைத்தாலும் அது மேகி மேல்தான் விழும், மகிழினி பத்திரமாக இருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். உன் அம்மாவின் புத்தி இப்படிப்பட்டது.

கண்ணைப் பற்றித்தான் பேச வேண்டும். ஊசி போட்டு, இரத்த அழுத்தம் பார்த்து, ஆபரேஷன் அறையில் நின்று வயிறு வளர்த்தவள் நான். இருந்தும் சொல்கிறேன், எனக்குக் கண்ணேறில் நம்பிக்கை உண்டு. ஊர்க்கண்ணை விடப் பெற்றவள் கண் பொல்லாதது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள். குழந்தை சாப்பிடுவதை வைத்த கண் வாங்காமல் பார்க்காதே, தூங்குவதை நின்று ரசிக்காதே என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதனால்தான் நீ முதன்முதலில் அந்த நாட்டுக்காகத் தாண்டப் போனபோது கன்னத்தில் மையால் ஒரு பொட்டு வைத்துக்கொள் என்று கெஞ்சினேன். எனக்காக வைத்தாய். பிறகு நடந்ததை யார் கண்டார்கள்! அது என்ன மச்சமா, பச்சையா என்று பத்திரிகையில் கேட்டார்கள். அடுத்த போட்டியில் பார்த்தால், பார்வையாளர் வரிசையில் வெள்ளைக்காரச் சிறுமிகள் எல்லாரும் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்துக்கொண்டு உன் பெயரைக் கூவுகிறார்கள். கண் படக்கூடாது என்று வைத்த பொட்டைப் பார்க்கவே அத்தனை கண்ணும் கூடிவிட்டது. அந்தப் படத்தைப் பார்த்து உன் அப்பா ஹாலில் உருண்டு சிரித்தார். நான் மிளகாயும் உப்பும் எடுத்துக்கொண்டு போய் உன் படத்துக்குச் சுற்றிப் போட்டேன்.

அதனால் நீ தாண்டும்போது நான் பார்ப்பதில்லை. உன் அப்பா தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து கத்துவார், நான் சமையலறையில் இருப்பேன். முடிந்ததும் வந்து சொல்வார். நல்லபடியாக நடந்திருந்தால் மட்டும் மறுநாள் பகலில், எல்லாம் முடிந்துபோன பழைய விஷயமாக, ஒரு முறை பார்ப்பேன். இது உனக்குத் தெரியும். ஏன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

உன் தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி நினைவிருக்கிறதா? நீ முதன்முதலாக நீளம் தாண்டிய நாள். வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு ஓடி வந்து, கூடாரத்தின் ஓரத்தில் நின்று பார்த்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒல்லிக் குச்சியாக ஓடி வந்தாய். பலகையை மிதித்துப் பறந்தாய், வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. எல்லாப் பிள்ளைகளின் தடத்தையும் தாண்டி மணலில் இறங்கினாய். "அட என் தங்கமே!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சொல்லி வாயை மூடுவதற்குள் ஆசிரியர் சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டார். அந்தத் தாவல் செல்லாதாம். நீ அழுதுகொண்டே வந்தாய். என்ன தப்பு என்று கேட்டால் "தெரியல" என்றாய். எனக்குத் தெரிந்துவிட்டது. கண் வைத்தது நான்தான். அன்றோடு நிறுத்தினேன்.

எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு ஒரே ஒரு நாள் அந்தக் கட்டுப்பாட்டை விட்டேன். போன வருடம், நம் நேரத்துக்கு விளக்கு வைக்கிற பொழுது. சாமி மேடைக்கு எண்ணெய் எடுத்துக்கொண்டு ஹாலைக் கடக்கிறேன். "இந்தா, இந்த ஒண்ணையாவது நின்னு பாரு. இன்னிக்கு பிள்ள அப்படித் தாண்டுறா" என்றார் உன் அப்பா. நீ ஓடத் தயாராக நின்றாய். உதட்டைக் கடித்து, வலது கையை உதறி, உன் சின்ன வயது நிற்பு அப்படியே இருந்தது. கால் நகரவில்லை எனக்கு. ஓடினாய், பலகையில் இடது கால் விழுந்தது, அவ்வளவுதான். தாவவே இல்லை. யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி மணலில் குப்புற விழுந்தாய். எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டுப் பாத்ரூமுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினேன். எதுவும் கேட்கக் கூடாது என்று குழாயை முழுசாகத் திறந்துவிட்டு வாளி வழிய வழிய நின்றேன். வெளியே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது, உன்னைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

உன் ஆபரேஷனுக்கு அங்கே ஓடி வந்தேன் அல்லவா. உன் கட்டைப் பிரித்துக் காயத்தைப் பார்த்தேன், கஞ்சி வைத்தேன், குளிக்க வைத்தேன். ஒருநாள் கட்டு மாற்றும்போது நீ மெதுவாகச் சொன்னாய். "அம்மா, குதிகால் ரொம்ப நாளாவே வலிச்சுதும்மா. கோச்சுகிட்டயும் முழுசா சொல்லல. உங்ககிட்ட சொன்னா பயந்துடுவீங்கன்னு..." கோபத்தைக் காட்டாமல் நான் 'உம்' கொட்டினேன். தசைநார் கொஞ்சம் கொஞ்சமாக நைந்து கடைசியில் அறும் என்பது ஒரு மிஸிக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும், நைந்தது அதுவாக நைந்தது, அறுந்தது என் கண்ணால் என்றுதான் நினைத்தேன். பைத்தியக்காரத்தனம் என்று சிரிக்காதே. வலியைப் பற்றி இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இது அம்மாவாக இல்லை, மிஸியாக. வலியை மறைப்பது தைரியம் இல்லை. வலிக்கிறது என்று சொல்கிற நோயாளியைக் காப்பாற்றியிருக்கிறோம். 'நல்லாருக்கேன் மிஸி' என்று சிரித்தவர்கள்தான் எங்களைக் கடைசி நேரத்தில் ஓடவிட்டார்கள்.

நீ விழுந்த அந்தக் காட்சி உலகம் முழுக்கச் சுற்றியது. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே நாலைந்து பேர் அனுப்பினார்கள், கூடவே அழுகிற பொம்மை முகம். ஒன்றையும் நான் திறக்கவில்லை. அதன் கீழே மக்கள் எழுதியிருந்ததை மட்டும் உன் சித்தி மகள் படித்துக் காட்டினாள். அங்கே ஒருவன், உன் நாட்டுக்குத் திரும்பிப் போ என்று எழுதியிருந்தான். இங்கே ஒருவன், நாட்டை விட்டுப் போனவளுக்கு நன்றாக வேண்டும் என்று எழுதியிருந்தான். இரண்டு பேரையும் ஒரே அறையில் போட்டுப் பூட்ட வேண்டும் என்று தோன்றியது. நீ அதற்கெல்லாம் பதில் எழுதவில்லை. அது எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் நீ ராத்தூக்கம் கெட்டு அவற்றைப் படிக்கிறாய் என்று உன் அறைத்தோழி சொன்னாள். அப்படிச் செய்யாதே அம்மா. புகழ்ந்தவர்களைப் படிக்காமல் விட்டாய் அல்லவா, இவர்களையும் விட்டுவிடு.

இனி அந்தப் பேட்டிக்கு வருகிறேன். திரும்பவும் தாண்டப் போகிறாய் என்றதும் உன்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்களே, அது. முதல் போட்டி எப்படி இருந்தது என்று அந்தப் பெண் கேட்டாள். நீ சிரித்துக்கொண்டே நம் வீட்டு ஹாலைப் பற்றிச் சொன்னாய். லோரி ஓட்டிக் களைத்து வந்த அப்பா கைலியோடு ஹாலில் குறுக்கே நீட்டிப் படுத்துக்கொண்டு டிவி பார்ப்பார், நீ ஓடி வந்து அவரைத் தாண்டுவாய். நான் சமையலறையிலிருந்து கத்துவேன். "அடியே, ஆளத் தாண்டாத! தாண்டிட்டியா? திருப்பித் தாண்டு! இல்லன்னா அப்பா வளரமாட்டாரு!" அவர் படுத்தபடியே, "நான் வயிறு மட்டும்தான் வளருறேன், விடு லா" என்பார். நீ திருப்பித் தாண்டுவாய். அப்புறம் மறுபடியும். தாண்டியதை உடனே திருப்பித் தாண்ட வேண்டும் என்பது உன் காலிலேயே ஊறிவிட்டது. விளையாட்டுப் போட்டி அன்று தாண்டி மணலில் இறங்கியதும், நீ பாட்டுக்குத் திரும்பி மணல் வழியாகவே பலகைக்குத் துள்ளிக்கொண்டு வந்திருக்கிறாய். தாண்டியவர் முன்பக்கமாக வெளியேற வேண்டும், மணலில் திரும்பி நடந்தால் அந்தத் தாவல் செல்லாது என்பது விதியாம். சொன்னால் வீட்டு வழக்கத்தை நினைத்துச் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லாமல் அழுதிருக்கிறாய். பேட்டி எடுத்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நீயும் சிரித்தாய்.

நானும் சிரித்தேன், பிறகு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கொடி ஏறியது என் கண்ணால் இல்லை, என் வாயால்! இத்தனை வருடம் நான் பார்க்காமல் இருந்த உன் தாவல்கள் எல்லாம் எதிரே வந்து நின்றன. சரி, அத்தோடு பயம் போயிற்றா? அதுதான் இல்லை. முதல் தடவைக்குக் காரணம் தெரிந்துவிட்டது, இரண்டாம் தடவைக்கும் தெரிந்துவிட்டது. கண்ணுக்கு விடுதலை கிடைத்துவிட்டது. பயம் மட்டும் போகிற வழியாக இல்லை. இன்னும் சொல்லப்போனால் அதிகமாகிவிட்டது. அதுவரைக்கும் நான் பார்க்காமல் இருந்தால் உனக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு பிடி இருந்தது. இப்போது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அந்தக் கால் அறுந்தால் அறுந்ததுதான். இதை எப்படித் தாங்குவது? அதனால்தான் 'பாக்கலாம்' என்று சொல்லிப் போனை வைத்தேன். நீ அழுதிருப்பாய் என்று தெரியும்.

போன சனிக்கிழமை உன் அப்பா மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டும் என்று என்னைப் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு இழுத்துக்கொண்டு போனார். "தூரத்துல மணல் தெளிவா தெரியணும்" என்று கடைக்காரரிடம் சொல்கிறார், கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கண் பரிசோதனைக்கு உட்கார்ந்த நேரத்தில் நான் எதிரே இருந்த வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் போய் இடம் பிடித்தேன். பக்கத்து மேசையில் கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கப் போட்ட இரண்டு பையன்கள். ஒருவன் போனை நிமிர்த்தி வைத்து, "டேய், இதப் பாரு லா. அந்த மேகி இல்ல? மறுபடியும் தாண்டப் போறாளாம். கால் போனப்ப பக்கத்துல இருந்து யாரோ எடுத்தது" என்றான். நான் இலையைக் குனிந்து பார்த்துக்கொண்டேன். எழுந்து போய்விடலாம் என்று நினைப்பதற்குள் சத்தம் வந்துவிட்டது. கூட்டத்தின் இரைச்சல், பிறகு ஒரு அமைதி, பிறகு ஒரு குரல். "அம்மா... அம்மா... யம்மா..."

சாம்பார் வாளியோடு வந்தவர் ஊற்றட்டுமா என்று கேட்டது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

"தம்பி, அது என்னா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல ஆன்டி, ஸ்போர்ட்ஸ். நீங்க பாக்காதீங்க, ரொம்ப பாவமா இருக்கும்" என்றான் ஒருவன். நல்ல பிள்ளை. மற்றவன்தான் சொன்னான். "இங்கிலாந்துக்குத் தாண்டுற பொண்ணு ஆன்டி. ஆனா வலின்னு வந்ததும் தமிழ்லதான் கத்துறா பாருங்க."

"அத இன்னொரு தடவ போடுங்க தம்பி" என்றேன். போனை என் பக்கம் திருப்பி வைத்தான். பார்த்தேன், மகிழினி. நான் குழாயைத் திறந்துவிட்டு நின்ற அந்த நேரம் முழுவதையும் பார்த்தேன். ஒரு கையால் குதிகாலைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுகிறாய். முகமெல்லாம் மணல், அதில் என் மைப்பொட்டு கரைந்து வழிகிறது. கூட்டத்தில் யாரையோ தேடுகிறாய். நான் அங்கே இல்லை என்பது உனக்குத் தெரியாதா? தெரிந்தும் தேடுகிறாய். அந்தப் பையன், "ஆன்டி, அழுறீங்களா? சொன்னேன்ல" என்று முகம் துடைக்கிற காகிதத்தை எடுத்து நீட்டினான். உன் அப்பா புதுக் கண்ணாடிக்கு அளவு கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார். மேசையையும் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார். அந்தப் பையன்களின் சாப்பாட்டுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

கிள்ளானுக்குத் திரும்பும் வழியில் நெடுஞ்சாலை நெரிசலில் நின்றபோதுதான் வாயைத் திறந்தேன். "அவ கூப்பிட்டது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். டிவில, டாக்டரக் கூப்பிடுறான்னு சொன்னாங்க. எனக்குக் கேட்டுச்சு."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ பாத்ரூம்ல இருந்த. எப்படிச் சொல்லுவேன்?" என்றார். அப்புறம் ரேடியோவைப் போட்டார், உடனே அணைத்தார். அவரும் இதை ஒரு வருடமாகத் தனியே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்பாய், ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று. கேட்டதற்கெல்லாம் ஊசி, மருந்து என்று ஏதோ சொல்லுவேன். உண்மையில் பாதி வேலை என்ன தெரியுமா? கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்வது. வலி வந்தால் எல்லா ஜாதியும் ஒரே ஆளைத்தான் கூப்பிடும். இங்கே மலாய்க்காரர் 'மாக்' என்பார், சீனர் 'மா' என்பார். லீட்ஸில் பல் போன கிழவர்கள் 'மம், மம்' என்று கையைத் துழாவுவார்கள், அவர்களுடைய அம்மா செத்து எத்தனை காலமோ. நாங்கள் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, இதோ இருக்கிறேன் என்று சொல்வோம். எத்தனை பேருடைய அம்மாவுக்குப் பதிலாக நான் போய் நின்றிருக்கிறேன். என்னையே ஒருத்தி கூப்பிட்ட நாளில் நான் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

ஆகவே இதைக் கேட்டுக்கொள். எனக்குப் பயம் தீரவில்லை. நீ நன்றாகத் தாண்டுவாய் என்று என்னால் சொல்ல முடியாது, அந்தக் கால் தாங்கும் என்று உன் டாக்டரே அடித்துச் சொல்லவில்லை. தாண்டி ஜெயித்தால் ஊரே உன்னைத் தூக்கி வைத்துக்கொள்ளும், அந்த நேரத்தில் நான் வேண்டியதில்லை. நான் வருவது அதற்காக இல்லை. கண்ணை மூடாமல் இருப்பேன் என்றும் சத்தியம் செய்ய மாட்டேன், நீ ஓடி வரும்போது மூடிக்கொண்டாலும் மூடிக்கொள்வேன்.

ஆனால் மைதானத்துக்கு டிக்கெட் வாங்கும்போது, குடும்பத்தாருக்கென்று எங்கேயோ உயரத்தில் கண்ணாடிக்குப் பின்னால் சொகுசு நாற்காலி தருவார்களாமே, அங்கே என்னை உட்காரவைக்காதே. மணலுக்குப் பக்கத்தில் இடம் பார். வெயிலாக இருந்தாலும் பரவாயில்லை. நீ கூப்பிட்டால் எனக்குக் கேட்க வேண்டும்.

அம்மா